ஆவாரை ஏன் காத்திருக்கிறது? – வறண்ட நிலத்தில் நாட்டுப் பூச்செடிகளை விதைத்தல்

முளைத்தல் பாடம் வந்தால் நாம் எல்லோரும் செய்துகாட்டும் செயல்பாடு ஒன்றுதான்: ஈரப்பஞ்சில் பச்சைப்பயறு. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நீர், காற்று, தகுந்த வெப்பம் மூன்றும் கிடைத்தால் விதை முளைக்கும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

அடுத்த முறை அதே தட்டின் இன்னொரு பாதியில் சாலையோர ஆவாரையிலிருந்து எடுத்த விதைகள் பத்தும், கொழுஞ்சி விதைகள் பத்தும் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை சிறு கற்களைப் போல அப்படியே கிடக்கும். நீர் இருக்கிறது, காற்று இருக்கிறது, வெப்பமும் அதேதான். "இது செத்த விதை சார்" என்று ஒரு மாணவர் சொல்வார். இல்லை, அது உயிருள்ள விதைதான். அது ஏன் முளைக்க மறுக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், பள்ளியின் பின்புறத்தில் வெறித்துக் கிடக்கும் நிலத்தை எப்படி மீட்பது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

பயறு நம்மோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த பயிர். ஒரே நேரத்தில் முளைத்து, ஒரே நேரத்தில் காய்த்து, அறுவடைக்கு ஒன்றாக நின்ற செடிகளின் விதையைத்தான் உழவர் மறு ஆண்டுக்கு எடுத்து வைத்தார். தாமதமாக முளைத்தவை களையோடு களையாகப் போயின. தலைமுறை தலைமுறையாக இப்படித் தேர்ந்தெடுத்ததில், தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கும் குணம் பயற்றுக்கு வந்துவிட்டது. ஆவாரையை யாரும் அப்படிப் பழக்கவில்லை. மழை எப்போது வரும், வந்தால் நிற்குமா என்று தெரியாத நிலத்தில் அது தானாக வாழக் கற்றது.

சித்திரையில் ஒரு நாள் இடியோடு கோடை மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஈரத்தை நம்பி எல்லா விதைகளும் முளைத்துவிட்டால், அடுத்த பத்து நாள் வெயிலில் எல்லா நாற்றும் கருகும். அந்த இடத்தில் அந்தச் செடியின் கதை முடிந்தது. ஒரு பகுதி மட்டும் முளைத்து மற்றவை மண்ணில் உறங்கினால், இந்த மழை ஏமாற்றினாலும் ஐப்பசி மழைக்கு விதை இருக்கும்; அதுவும் பொய்த்தால் அடுத்த ஆண்டுக்கு இருக்கும். குதிரில் உள்ள நெல்லை எல்லாம் ஒரே பட்டத்தில் விதைத்துவிடாத மானாவாரி உழவரின் கணக்குதான் இது.

இந்தக் காத்திருப்பை நிகழ்த்துவது விதையுறை. அவரைக் குடும்பத்தின் பல காட்டுச் செடிகளில், விதையுறையின் வெளிப்பக்கம் நெருக்கமாக அடுக்கப்பட்ட செல்களால் ஆனது. அதன் மேல் மெழுகுப் பூச்சும் உண்டு. நீர் உள்ளேயே போகாது. வெயிலும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கி, மணலில் உரசி, உறையில் எங்காவது ஒரு கீறல் விழுந்த பிறகே நீர் புகும். ஒவ்வொரு விதைக்கும் அந்தக் கீறல் ஒவ்வொரு காலத்தில் விழுவதால் முளைப்பதும் தவணை தவணையாக நடக்கிறது. துத்தி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றின் குடும்பங்களிலும் இத்தகைய கெட்டி உறை உண்டு. சில பாலைவனச் செடிகளில் வேறொரு ஏற்பாடு. முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் விதையுறையிலேயே இருக்கும். ஒரு தூறலில் அது கரையாது, மண் நனையும் அளவுக்கு மழை பெய்தால்தான் கரைந்து வெளியேறும். விதை மழையை அளந்து பார்ப்பதற்குச் சமம்!

எவ்வளவு காலம் ஒரு விதை இப்படிக் காத்திருக்கும்? 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் இதை அறிய ஒரு சோதனையைத் தொடங்கினார். 21 வகைச் செடிகளில் வகைக்கு 50 விதைகள் எடுத்து ஈர மணலோடு கலந்து ஒரு புட்டியில் இட்டார். இப்படி 20 புட்டிகளை மண்ணில் புதைத்தார். குறித்த இடைவெளியில் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்க வேண்டும். அவர் காலமான பிறகும் அடுத்தடுத்த தலைமுறைப் பேராசிரியர்கள் அதைத் தொடர்கிறார்கள். 2021இல், அதாவது 141 ஆண்டுகள் கழித்து எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. அடுத்த புட்டி 2040இல். கடைசிப் புட்டி 2100இல். இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தைக்கு அப்போது ஏறத்தாழ எண்பது வயதாகியிருக்கும் என்று கணக்குப் போட வைத்தால் வகுப்பறை ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

மண்ணின் மேல் அடுக்கில் இப்படிக் காத்துக் கிடக்கும் விதைகளை மண்ணின் விதை வங்கி என்கிறோம். ஆண்டுவிழாவுக்கோ ஆய்வுக்கோ முன்னால் "சுத்தம்" என்ற பெயரில் ஜேசிபியை விட்டு வளாகத்தைச் சுரண்டும்போது அந்த வங்கிதான் முதலில் காலியாகிறது. மேலே உள்ள நான்கைந்து சென்டிமீட்டர் மண் போனால் விதையும் போகிறது, மட்கும் போகிறது, நுண்ணுயிர்களும் போகின்றன. எஞ்சுவது வெயிலில் இறுகிப்போன அடிமண். மழைத்துளி அதில் அறைந்து ஒரு தோலைப் போல மேற்பரப்பை மூடிவிடுகிறது. நீர் இறங்காமல் வழிந்து ஓடுகிறது. அதன் பிறகு அதே இடத்தில் குழி வெட்டி ஒரு மரக்கன்றை நட்டு, கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அது காய்ந்து, மறு ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்றை நடுவது பல பள்ளிகளில் நாம் பார்ப்பதுதான்.

மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இறுகிய வறண்ட மண்ணில் முதலில் வர வேண்டியவர்கள் சிறு செடிகளும் புற்களும் என்பதே செய்தி. அவற்றின் மெல்லிய வேர்கள் மண்ணில் ஆயிரம் துளைகள் இடுகின்றன. மழைநீர் அவ்வழியே இறங்குகிறது. நிழல் படுவதால் மண்ணின் சூடு தணிகிறது. கொழுஞ்சி போன்றவை வேர்முடிச்சுகளில் உள்ள ரைசோபியம் பாக்டீரியங்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. ஒரு கொழுஞ்சிச் செடியை வேரோடு மெதுவாக எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் கீறிக் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். பாடநூலின் வண்ணப்படத்தைவிட அந்த நிறம் மாணவர் மனத்தில் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "தரிசு" என்பது வருவாய்க் கணக்கிலும் வழங்கும் சொல். பயிரிடாமல் கிடக்கும் நிலம் என்பதே அதன் பொருள். அந்த நிலத்தில் உயிர் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. நல்ல புல்வெளியோ புதர்க்காடோ ஏற்கெனவே இருக்கும் இடத்தில் எதையும் விதைக்காமல் விட்டுவிடுவதே சிறந்த பாதுகாப்பு. நாம் பேசுவது சுரண்டப்பட்டு, மிதிபட்டு, வெறுமையாகிப்போன நிலத்தைப் பற்றி.

எந்தச் செடிகளை விதைப்பது? இங்கே பலருக்கும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நம் வீட்டு வாசலில் நூற்றாண்டுகளாக இருப்பதாகத் தோன்றும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. துலுக்கச் செவ்வந்தி மெக்ஸிகோவிலிருந்து வந்தது, காஸ்மாஸும் அப்படியே. காயத்துக்குப் பிழிந்துவிடும் வெட்டுக்காயப் பூண்டும், வேலியோரத்து உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை. பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் அங்கிருந்தே. இவற்றில் சில தொந்தரவில்லாதவை, சில நிலத்தையே விழுங்குபவை. ஆகவே கடையில் "காட்டுப்பூ கலவை" என்று விற்கும் பொட்டலத்தை வாங்கித் தூவுவது நம் நோக்கத்துக்கு உதவாது.

வறண்ட மாவட்டங்களுக்கு என் தேர்வில் முதலிடம் ஆவாரைக்கு. ஆடு மாடு அதிகம் தீண்டாது, வறட்சியைத் தாங்கும், ஆண்டின் பெரும்பகுதி மஞ்சள் பூ இருக்கும். அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். பெரிய கரிய தச்சுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து இறகுத் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கிறது. அப்போது எழும் ரீங்காரத்தைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். இயற்பியல் ஆசிரியரும் அதிர்வு பாடத்துக்கு மாணவர்களை அங்கே அழைத்து வரலாம். ஆவாரையின் இலையை உண்டு வளரும் புழுக்கள் வெளிர்பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளாக மாறுவதையும் அதே செடியில் பார்க்கலாம்.

அடுத்து கொழுஞ்சி, தும்பை, துத்தி, விஷ்ணுகிரந்தி, கிலுகிலுப்பை, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை. இவற்றோடு கொழுக்கட்டைப்புல் போன்ற உள்ளூர்ப் புல் ஒன்றும் சேர வேண்டும். பூச்செடிகள் மட்டும் மண்ணை முழுதாகப் பிடித்து நிறுத்தாது. கிலுகிலுப்பையின் காய்ந்த காயிலும் தண்டிலும் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சுவதைக் காணலாம். அவற்றுக்கு வேண்டிய ஒருவகை வேதிப்பொருள் அதில் இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் ஆவிரையும் தும்பையும் இருக்கின்றன. தும்பைத் திணையை நடத்தும் நாளில் தும்பைப் பூவைக் கையில் கொடுத்துவிட்டு நடத்தலாமே.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. நெருஞ்சி நாட்டுச் செடிதான், ஆனால் செருப்பில்லாத கால்கள் ஓடும் இடத்தில் வேண்டாம். செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. குன்றிமணியும் ஊமத்தையும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தொடக்கப் பள்ளி வளாகத்துக்கு இந்த ஐந்தும் ஆகாது.

விதை சேகரிப்பு ஒரு நல்ல களப்பயணம். பள்ளிக்கு அருகிலுள்ள கண்மாய்க்கரை, சாலையோரம், வயல்வரப்பு போதும். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றிப் போகக் கூடாது. அருகிலேயே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதே மண்ணுக்கும் அதே மழைக்கும் பழகிய செடியின் விதை அது. கரிசலில் வளர்ந்ததைத் தேரி மணலிலும், செம்மண்ணில் வளர்ந்ததைக் கரிசலிலும் கொண்டுபோய்ப் போட்டால் பலன் குறையும். ஒரே செடியை மொட்டையடிக்காமல் பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதை சேகரிப்பாளர்கள் கடைப்பிடிக்கும் விதி. ஐந்தாம் வகுப்புக்கு அது ஒரு பின்னக் கணக்கு. காய் பழுப்பாகி, குலுக்கினால் ஒலி எழுப்பும் பருவமே சரி. பச்சைக்காயைப் பறித்தால் விதை தேறாது. நிழலில் உலர்த்தி, தாள் உறையிலோ துணிப்பையிலோ வைத்து, பெயரும் இடமும் நாளும் எழுதுங்கள். பாலித்தீன் பை ஈரத்தை அடைத்து விதையைக் கெடுத்துவிடும். ஆவாரை விதைகளில் சிறு ஓட்டை இருந்தால் வண்டு துளைத்தது, அவற்றைப் பிரித்துவிடலாம்.

இனி கெட்டி உறை. தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளில் விதைகளை மெதுவாகத் தேய்த்து, மேற்பரப்பின் பளபளப்பு போகும் அளவுக்குக் கீறினால் நீர் புகும். கொழுஞ்சி போன்ற சிறு விதைகளைச் சொரசொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்ப்பது பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் உழவர்கள் அறிந்த வழி. கொதித்து இறக்கிய நீரில் ஆவாரை விதையை இட்டு, அது தானாக ஆறும்வரை இரவு முழுக்க விடுவது இன்னொரு முறை; இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். மறுநாள் உப்பியிருப்பவை நீர் குடித்தவை. முன்சொன்ன ஈரப்பஞ்சுச் சோதனையைத் தேய்த்த விதை பத்து, தேய்க்காதது பத்து என்று மறுபடி செய்தால் முளைப்பு விழுக்காட்டை மாணவர்களே கணக்கிட்டு ஒப்பிடுவார்கள்.

ஆனால் நிலத்தில் விதைக்கும்போது எல்லா விதைகளையும் தேய்த்துவிடாதீர்கள். பாதியைத் தேய்த்து, பாதியை அப்படியே விடுங்கள். தேய்த்தவை இந்த மழைக்கு. தேய்க்காதவை வரும் ஆண்டுகளுக்கு. விதையின் பொறுமையை முழுக்க உடைத்துவிட்டு, அந்த ஆண்டு மழை ஏமாற்றினால் நம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

விதைப்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை. நிலத்தில் நாலைந்து இடங்களிலிருந்து மேல்மண்ணை எடுத்து, அகலத் தட்டில் பரப்பி, ஒரு மாதம் நீர் தெளித்து வாருங்கள். என்னென்ன முளைக்கிறது என்று பார்த்தால் உங்கள் மண்ணின் விதை வங்கியில் இருப்பு என்ன என்பது தெரிந்துவிடும். நல்ல செடிகள் பல முளைத்தால் விதைக்கவே வேண்டாம். வேலி கட்டிச் சுரண்டாமல் காத்தால் போதும். பார்த்தீனியம் மட்டுமே முளைத்தால் முதல் வேலை அதைப் பூக்கும் முன் களைவது. அது தோலில் ஒவ்வாமை தரும் என்பதால் மாணவர்களைக் கொண்டு பிடுங்க வைக்கக் கூடாது. சீமைக்கருவேலம் இருந்த இடமானால் ஒரு முறை வெட்டியதோடு முடியாது. அடிக்கட்டை துளிர்க்கும், மண்ணிலுள்ள விதைகள் ஆண்டுதோறும் எழும். அதன் விதையும் கெட்டி உறைக்காரர்தான். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்து முளைப்பவர்.

கடலோரத்திலும் தென்மாவட்டங்களிலும் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதால் புரட்டாசிக் கடைசி விதைப்புக்கு ஏற்ற காலம். முதலில் மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் போதும். மண்வாரியாலோ களைக்கொத்தாலோ மேற்பரப்பின் இறுகிய தோலை இரண்டு விரல் ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். ஆழ உழ வேண்டாம். சரிவு இருந்தால் நீரோட்டத்துக்குக் குறுக்கே பிறை வடிவில் சிறு கரை போடலாம். விதையைப் பத்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் நடந்து தூவினால் சீராக விழும். தும்பை விதை மிகச் சிறியது; மேலே மண் போடாமல் கையால் அழுத்தினால் போதும். ஆவாரை போன்றவற்றுக்கு விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு மண் போதுமானது. மேலே காய்ந்த முள்கிளைகளைப் பரப்பிவிடுங்கள். ஆடு வராது, நிழல் கிடைக்கும், காற்றில் வரும் சருகும் விதையும் அங்கே தங்கும். வெறும் தரையில் தூவிய விதையை எறும்புகள் ஒரே நாளில் வரிசையாகத் தூக்கிச் செல்வதை நீங்களே பார்ப்பீர்கள். மழைக்கு முந்தைய நாளில் விதைக்கச் சொல்வதன் காரணம் அதுவும்தான்.

விதைப்பந்து பற்றிக் கேட்பீர்கள். ஜப்பானின் மசானோபு ஃபுகுவோகா பரப்பிய நல்ல உத்தி அது. எறும்பிலிருந்தும் பறவையிலிருந்தும் விதையைக் காக்கும். ஆனால் தும்பை, சிறுபீளை போன்ற பொடி விதைகள் கெட்டியான களிமண் உருண்டையின் நடுவிலிருந்து வெளியே வரத் திணறும். அவற்றுக்கு மணல் கலந்து தூவுவதே மேல். சுற்றுலாப் பேருந்தின் சன்னலிலிருந்து உருண்டைகளை வீசுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கலாம். தார்ச்சாலையோரச் சரளையில் விழுந்த உருண்டையை யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

தலைமையாசிரியரும் பெற்றோரும் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: புதர் மண்டினால் பாம்பு வராதா? நியாயமான அச்சம். ஆகவே இடம் தேர்வதிலேயே அதற்கு விடை இருக்க வேண்டும். வகுப்பறை, கழிப்பறைக்குப் போகும் வழி, சத்துணவுக்கூடம் ஆகியவற்றை ஒட்டி விதைக்காதீர்கள். சுற்றுச்சுவரை ஒட்டிய வெயில் படும் மூலை நல்லது. சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சுத்தமாக வைத்து, கற்குவியலும் விறகுக்குவியலும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பரப்பிய முள்கிளைகளையும் நாற்று எழுந்து நின்றதும் எடுத்துவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசித் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிடுவதும் அவசியம். விடுமுறை நாளில் நல்ல மனத்தோடு "களை" எடுக்க வருபவருக்கு அது தெரியாது. நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டி, "இங்கே விதைகள் உறங்குகின்றன" என்று மாணவர் கையெழுத்தில் ஒரு பலகை வையுங்கள்.

முதல் ஆண்டு பார்க்க அழகாக இருக்காது. புல் கொஞ்சம், தும்பை கொஞ்சம், நாலைந்து ஆவாரை நாற்று, நடுநடுவே வெற்றுத்தரை. இரண்டாம் மழையில்தான் தேய்க்காத விதைகளில் சில எழும். முதலாண்டுச் செடிகள் உதிர்த்த விதையும் சேர்ந்துகொள்ளும். இந்த இடைவெளியில் "ஒன்றும் முளைக்கவில்லை" என்று யாராவது மறுபடி சுரண்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. வறட்சியைவிட அது அடிக்கடி நடக்கிறது.

அதற்காகவே ஒரு குறிப்பேடு வேண்டும். ஒரு மீட்டர் சதுரம் அளந்து, பருவத்துக்கு இரண்டு முறை அதற்குள் எத்தனை வகைச் செடிகள், எத்தனை எண்ணிக்கை, எந்தப் பூச்சிகள் வந்தன என்று ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள மாணவர்களே எழுதலாம். மழை பெய்த நாள்களும் அதில் வரட்டும். எந்த விதை, எங்கே எடுத்தது, என்று விதைத்தது, தேய்த்ததா தேய்க்காததா என்பதோடு, "இதுவரை எழாதவை" என்று ஒரு பத்தியும் போடுங்கள். பொது மாறுதலில் நாம் வேறு பள்ளிக்குப் போய்விடுவோம். மாணவர்களும் தேர்ச்சி பெற்றுப் போய்விடுவார்கள். குறிப்பேட்டை அலுவலக அலமாரியில் இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து வைத்து, அடுத்து வரும் அறிவியல் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டால், அந்தப் பத்தியிலுள்ள பெயர்களுக்கு எதிரே நாள் குறிக்க அங்கே ஒருவர் இருப்பார்.